டோஹாவிலிருந்து நாலே முக்கால் மணித்தியாலம்

குடைக்கடைப் பளீல் மௌத்தானது ஒரு திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு. மூன்று மாதமாகப் பக்கவாதத்தில் கிடந்த மனிதர். சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது கண் திறந்து கூரையைப் பார்த்தார். பிறகு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு வரத் தொடங்கியது. ஒரு இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. அடுத்த மூச்சு வரவில்லை.

மகள் ஸும்றா வாப்பாவின் கண்களை மூடிவிட்டாள். உம்மா பஸீஹாவைத் தாங்கிப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்தாள். கணவன் நஜீபைப் பள்ளிவாசலுக்கு ஓடச் சொன்னாள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஃபோனைக் கையில் எடுத்தாள். டோஹாவில் அப்போது விடிகாலை நாலேகால். தம்பி இல்ஹாம் தூங்கிக்கொண்டிருப்பான்.

அந்தக் கணக்கை அவள் யோசித்துப் போடவில்லை. தொழில் அப்படி. வரக்காப்பொலவில் கண்டி வீதியை ஒட்டி, சந்தைக்கு எதிரே உள்ள ஒரு ட்ரவல்ஸில் எட்டு வருடமாக விமான டிக்கட் போடுகிறாள். துபாய் நாலரை மணித்தியாலம், டோஹா நாலே முக்கால், ரியாத் ஐந்து, ஜித்தா ஆறு என்று வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்கும் சாரதி வேலைக்குப் போகும் பையன்களுக்கும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி, நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

இரண்டாவது மணியிலேயே இல்ஹாம் ஃபோனை எடுத்தான்.

"தாத்தா?" என்றான். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம்.

"தம்பி, வாப்பா மௌத்தாகிட்டாரு."

மறுபக்கத்தில் ஏதோ விழுந்து உருண்டது போல ஒரு ஓசை. பிறகு அழுகை.

"நான் வாறேன் தாத்தா. இண்டைக்கே வாறேன். நான் வார வரைக்கும் வாப்பாவ எடுத்துராதீங்க."

"வா. நான் பாக்கிறேன். காலைல ஏழரைக்கு ஒரு பிளேன் ஈக்கி. நான் இப்பவே டிக்கட் போடுறேன்."

"இல்ல இல்ல. நீங்க போடவேணாம். கம்பெனில சென்னா அவங்களே போட்டுத் தருவாங்க. நான் பாத்துக்கொள்றேன்." அவசரமாக வைத்துவிட்டான்.

ஏழு மணிக்கெல்லாம் முற்றத்தில் கதிரை போட்டாயிற்று. வாப்பாவின் தம்பி ஹலீம் வந்து சேர்ந்தார். இரும்புக்கடை வைத்திருப்பவர், பள்ளி நிர்வாகத்திலும் இருக்கிறார். எதையும் நேரத்துக்குச் செய்துதான் பழக்கம். வந்ததும் அண்ணனின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார், கண்ணைத் துடைத்தார், வெளியே வந்து, "பகல் லுஹருக்கு எடுப்பம்" என்றார்.

"சாச்சா, தம்பி வாறான்" என்றாள் ஸும்றா.

"கட்டார்ல இருந்தா? புள்ள, ஜனாஸாவ வச்சிக்கொண்டு ஈக்க ஏலா. தெரியும்தானே."

"தெரியும் சாச்சா. கொஞ்சம் கேளுங்க. மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பிளேனுக்கு அது நாலே முக்கால் மணித்தியாலம். அங்க ஏழரைக்கு எழும்பினா எங்கட நேரம் பத்து மணி. ரெண்டே முக்காலுக்குக் கட்டுநாயக்கவில எறங்கும். கையில பேக் மட்டும்தானே, மூண்டரைக்கு வெளிய வந்துருவான். அங்கிருந்து ஒண்டர மணித்தியாலம். அஞ்சு மணிக்கு வீட்டுல நிப்பான். அஞ்சரைக்கு அடக்கலாம். பொழுதுபட மஃரிபுக்கு முன்னுக்கு எல்லாம் முடிஞ்சிரும்."

ஹலீம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஒரே மகன். அதுவும் அண்ணன் இந்த மூன்று மாதமும் வாய் கோணிப்போய்ச் சொன்ன சொற்களில் வீட்டாருக்கு விளங்கியவை கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் இல்ஹாம் என்ற பெயர் இருந்தது. ஹலீமுக்கும் அது தெரியும்.

"அஞ்சரை" என்றார். "அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்."

எட்டு மணிக்குப் பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். குடைக்கடைப் பளீல் காலமானார், ஜனாஸா மாலை ஐந்தரைக்கு. அக்குறணையில் இருந்தும் கொழும்பிலிருந்தும் சொந்தக்காரர்கள் அந்த நேரத்துக்கு ஏற்பப் புறப்படத் தொடங்கினார்கள்.

ஸும்றாவுக்கு ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள். குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றும் பெண்களுக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்தாள், பாதியில் விட்டுவிட்டுப் பின்வாசலுக்கு வந்தாள். அங்கேதான் சிக்னல் நன்றாக எடுக்கும். டிக்கட் இலக்கத்தை அனுப்பச் சொல்லி இல்ஹாமுக்கு எழுதினாள். பதில் இல்லை. இன்னொரு தடவை எழுதினாள். 'எயார்போட் போய்க்கொண்டு ஈக்கிறேன் தாத்தா' என்று வந்தது. அவள் கேட்டது அதையல்ல.

ஒன்பதரைக்கு வாப்பாவைக் குளிப்பாட்ட எடுத்தார்கள். பின்முற்றத்தில் சீலை கட்டி மறைத்து, நஜீபும் ஹலீமும் பள்ளி லெப்பையும் இன்னும் இரண்டு பேருமாக. தண்ணீர் ஊற்றும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. அது மகன் செய்யவேண்டிய வேலை. மகன் டோஹாவில் பிளேன் ஏறிக்கொண்டிருக்கிறான், என்ன செய்ய, மருமகன் செய்யட்டும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஸும்றாவின் ஃபோன் அதிர்ந்தது.

'பிளேன்ல ஏறிட்டேன் தாத்தா. இப்ப எழும்பப் போகுது. ஃபோன ஓஃப் பண்றேன். துஆ செய்யுங்க.'

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே, வழக்கத்தில், அவள் விமான நேரம் காட்டும் பக்கத்தைத் திறந்தாள். வாடிக்கையாளர்களின் வீட்டார் வந்து, எங்க மகள் எங்க போறா இப்ப என்று கேட்பார்கள். வரைபடத்தில் மஞ்சள் விமானத்தைக் காட்டுவாள். இப்போது தனக்கே ஒரு மஞ்சள் விமானம் வேண்டியிருந்தது.

விமானம் இல்லை. அந்த இடத்தில் சிவப்பு எழுத்தில் தாமதம் என்று கிடந்தது. டோஹாவில் கடும் மூடுபனி. ஏழரை மணி விமானம் டோஹா நேரம் பத்தே முக்காலுக்குத்தான் புறப்படும். பயணிகளை ஏற்றுவது பத்து மணிக்குத்தான் தொடங்கும்.

அங்கே இப்போது ஏழரைகூட ஆகவில்லை.

ஸும்றா திரும்பத் திரும்ப வாசித்தாள். முதலில் வந்த நினைப்பு, ஐயோ, பிளேன் இங்கே மாலை ஆறு மணிக்குத்தான் இறங்கும், அவன் வர எட்டேகால் ஆகும், சாச்சா நிற்கமாட்டார் என்பது. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது. இன்னும் கதவே திறக்காத பிளேனில் இவன் எப்படி ஏறினான்?

வேறு விமானமாக இருக்கும் என்று தேடினாள். நேராக வருவது அந்த நேரத்தில் அது ஒன்றுதான். துபாய் சுற்றி வருவது, மஸ்கட் சுற்றி வருவது எல்லாம் ராத்திரிக்குத்தான் இறங்கும், அவையும் இன்னும் புறப்படவில்லை. இல்ஹாமை அழைத்தாள். ஃபோன் நிறுத்தப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். எழும்பாத பிளேனில் இருப்பதாகச் சொன்ன ஒருவன் ஐந்து மணித்தியாலத்துக்கு ஃபோனை மூடி வைத்துவிட்டான்.

டிக்கட் நீங்க போடவேணாம் என்று அவன் அவசரமாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. கொஞ்சக் காலமாக வீடியோவில் முகம் காட்டாமல், ரூமில் ஆட்கள் தூங்குகிறார்கள் என்று குரலில் மட்டும் பேசி வந்ததும். வாப்பா விழுந்த அன்று, லீவு தரமாட்டாங்க தாத்தா என்று அவன் அழுததும்.

ஒன்றும் பிடிபடவில்லை. ஜெயிலில் இருக்கிறானோ? ஆஸ்பத்திரியிலோ? சீலைக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிருந்தது. கபன் துணியை உதறும் ஓசை கேட்டது.

டோஹாவில் இல்ஹாமோடு ஒரே ரூமில் இருந்த ஒருவனின் நம்பர் அவளிடம் இருந்தது. சுரேந்திரன். அரநாயக்கப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பையன். போன வருடம் வேலையை விட்டுத் திரும்பி வந்தவன், வரும்போது இல்ஹாம் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். டோஹாவில் இருக்கும் யாருடைய நம்பராவது அவனிடம் கிடைக்கும் என்று அழைத்தாள்.

"சுரேந்திரன் தம்பியா? நான் இல்ஹாம்ட தாத்தா. வரக்காப்பொல."

"அக்கா..." என்றான். பிறகு, "கேள்விப்பட்டேங்க அக்கா. மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு" என்றான்.

"ஒங்களுக்கு யாரு சென்ன?"

பின்னணியில் ஏதோ வாளி உரசும் சத்தமும், ஒரு பெண் யாரையோ சிங்களத்தில் கூப்பிடுவதும் கேட்டன.

"தம்பி, ஒங்களுக்கு யாரு சென்ன? நான் டோஹாவில யாரும் ஈக்கிறாங்களா எண்டு கேக்கத்தான் எடுத்தேன். இல்ஹாம் பிளேன் ஏறிட்டேன் எண்டு மெசேஜ் போட்டிருக்கான். அந்த பிளேன் இன்னும் எழும்பல்ல. எனக்குத் தல சுத்துது. அவனுக்கு என்ன நடந்திருக்கு?"

சுரேந்திரன் நீண்ட மூச்சு விட்டான்.

"அக்கா, நான் சொன்னேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு. ஆனா இதுக்கு மேல மறைக்கிறது பாவம். அவரு இங்கதான் இருக்காருங்க."

"எங்க?"

"எங்க தோட்டத்துலதாங்க. அஞ்சு மாசமா. ரப்பர் பால் ஏத்துற பவுசர் லொறி ஓட்டுறாரு."

ஸும்றா பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுரேந்திரன் சொல்லிக்கொண்டே போனான். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது இல்ஹாமையும் அனுப்பிவிட்டார்கள். கட்டுநாயக்கவில் இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் நேரே இவன் குடியிருக்கும் தோட்ட லயத்துக்கு வந்தான். ஒரு மாதத்தில் வேறு விசா வந்துவிடும், அதுவரைக்கும் யாருக்கும் தெரியவேண்டாம் என்றான். விசா வரவில்லை. "வாப்பாவ உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு இவரு சொன்னத நம்பி, அவரு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காராம். பாஸ்போட்டும் எடுத்து வச்சிருக்காராம். நான் எந்த மூஞ்சிய வச்சிகிட்டு போறதுன்னு கேப்பாரு. காலையில நீங்க எடுத்ததுல இருந்து மனுசன் உக்காரவே இல்லைங்க. லயத்துக்கும் ஸ்டோருக்குமா நடந்துகிட்டே இருக்காரு. நான் சொன்னேன், பைக் இருக்கு, வாங்க போயிருவோம்னு. இப்ப போனா எப்படி இவ்வளவு சீக்கிரமா வந்தேன்னு கேப்பாங்க, பிளேன் வர்ற நேரத்துக்குத்தான் போகணும்ங்கிறாரு."

வாப்பாவுக்கு உம்ரா. அது உண்மைதான். பளீல் அந்தப் பாஸ்போட்டைக் குடைக்கடை மேசை லாச்சியில் வைத்துக்கொண்டு, குடை வாங்க வருகிற சிங்கள ஆட்களுக்குக்கூட எடுத்துக் காட்டுவார். புத்தா மக்கமட்ட எக்கங் யனவா என்று, மகன் மக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறான் என்று, ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

"அவன்ட கையில ஃபோனக் குடுங்க" என்றாள் ஸும்றா.

சுரேந்திரன் நடக்கும் சத்தம், நாய் குரைக்கும் சத்தம், யாரோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும் சத்தம் எல்லாம் கேட்டன. பிறகு இல்ஹாமின் மூச்சு.

"பிளேன் எழும்பிட்டா தம்பி?"

அவன் ஃபோனைக் கை மாற்றுவது கேட்டது.

"டோஹாவில பனி. ஒன்ட பிளேன் நிக்கிது. அத நம்பி நீ அங்க நிண்டா எட்டேகாலுக்குத்தான் வந்து சேருவாய். வாப்பா அதுக்குள்ள மண்ணுக்குள்ள போயிருப்பாரு."

"தாத்தா, நான்..."

"ஒன்டும் செல்லாதே. எனக்கு இப்ப ஒன்ட கதை கேக்க நேரமில்ல. வாப்பாவக் குளிப்பாட்டி முடிச்சிட்டாங்க. நீ செய்ய வேண்டியத என்ட மாப்பிள்ள செஞ்சிட்டாரு. அம்பது கிலோமீட்டர்ல ஈந்துகொண்டு..." படியிலிருந்து எழுந்தாள். "பிளேனுக்குப் பாத்துக்கொண்டு ஈக்காம வா. இப்பவே வா."

"எல்லாரும் கேப்பாங்களே தாத்தா. நான் என்ன செல்ற?"

"எனக்குத் தெரியா. வா."

ஃபோனை வைத்தாள். உள்ளே எழும்பிய கோபத்துக்கு எங்கே போவதென்று தெரியாமல் அந்தப் பின்வாசலுக்கும் கிணற்றுக்கும் நாலு தடவை நடந்தாள். மூன்று மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வாப்பாவின் காதில் ஃபோனை வைத்துப் பிடித்திருக்கிறாள். வாப்பா, தம்பி கட்டார்ல இருந்து பேசுறான், மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் எண்டாலும் பக்கத்தில ஈக்கிற மாதிரிக் கேக்குது பாருங்க என்று அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்திருக்கிறாள். மாவனெல்லையில் பஸ் மாறினால் இரண்டரை மணித்தியாலத்தில் வந்துவிடக்கூடிய இடத்தில் இருந்துகொண்டு அவன் அந்தப் பக்கம் உம் கொட்டியிருக்கிறான்.

ஆனால் இப்போது அதையெல்லாம் நினைக்க முடியாது. ஹலீம் சாச்சாவிடம் போகவேண்டும்.

அவர் முற்றத்தில் நின்று குழி வெட்டப் போகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். ஸும்றா அவரை மாமரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"சாச்சா, லுஹருக்கே எடுப்பம். தம்பி ஒரு மணிக்குள்ள வந்துருவான்."

"எனத்த செல்றாய்? அஞ்சு மணி எண்டு கணக்குப் போட்டுக் காட்டினது நீதானே?"

"ஓ. அந்தக் கணக்குப் பிழ."

"நாலே முக்கால் மணித்தியாலம் எப்படிப் புள்ள பிழைக்கும்?"

"அது பிழைக்கல்ல. அவன் பிளேன்ல வரல்ல சாச்சா."

ஹலீம் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். இரும்புக்கடையில் முப்பது வருடம் ஆட்களைப் பார்த்தவர். எது இப்போது கேட்கவேண்டியது, எது பிறகு கேட்கவேண்டியது என்பது அவருக்குத் தெரியும்.

"கிட்டவா ஈக்கிறான்?"

"ஓ."

"எவ்வளவு காலமா?"

"அஞ்சு மாசம்."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "நான் ஊருக்கெல்லாம் அஞ்சரை எண்டு செல்லி வச்சிருக்கேன். அக்குறணை ஆக்கள் வழியில. ரெண்டு தரம் ரெண்டு நேரம் சென்னா சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஒரு பொய்க்காக வாப்பாவ அஞ்சரை வரைக்கும் வைக்கச் செல்றீங்களா?"

அது அவருக்குத் தைத்தது. "ரெண்டு மணிக்கு. அக்குறணை ஆக்களும் அதுக்குள்ள வந்துருவாங்க" என்றார். பிறகு பள்ளியை நோக்கி வேகமாக நடந்தார். பத்து நிமிடத்தில் ஒலிபெருக்கி மறுபடி பேசியது.

அடுத்த இரண்டு மணித்தியாலமும் ஸும்றாவுக்குப் போகவே இல்லை. உம்மாவிடம் சொல்லவா வேண்டாமா என்று தவித்தாள். சொல்லப் போய்த் திரும்பி வந்தாள். ஃபோனில் டோஹா விமானத்தை ஒரு காரணமும் இல்லாமல் திறந்து பார்த்தாள். அது இன்னும் தரையில்தான் நின்றது. நீ கொஞ்சம் உக்காரு என்று நஜீப் இரண்டு தடவை சொன்னான். வீதிப் பக்கம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் யன்னலுக்குப் போனாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவர்கள் வந்தார்கள். சுரேந்திரன் ஓட்ட, இல்ஹாம் பின்னால். மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்து வருகிறவன் கையில் ஒரு பைகூட இல்லை. நீலச் சட்டையின் முன்பக்கத்தில் ரப்பர் பால் காய்ந்து கறுத்த திட்டுகள். மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை போலும். முற்றத்தில் பேச்சு அடங்கியது.

குடைக்கடைக்குப் பக்கத்துக் கடை மஷூர், நல்ல மனிதர், எழுந்து வந்து இல்ஹாமின் கையைப் பிடித்தார். "அல்லாஹ் சபூரத் தரட்டும். எந்த பிளேன்ல வந்தீங்க? அஞ்சு மணியாகும் எண்டாங்களே?"

யன்னலுக்குப் பின்னால் ஸும்றாவின் வாயில் பொய் ஒன்று தயாராக இருந்தது. ராத்திரியே புறப்பட்டவன், எங்களுக்குத் தெரியாது, கொழும்பில் நின்றான் என்று. வெளியே வந்து அதைச் சொல்வதற்கு ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள்.

"நான் பிளேன்ல வரல்ல மஷூர் நானா" என்றான் இல்ஹாம். குரல் மிக மெதுவாகத்தான் வந்தது, ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. "அரநாயக்கவில இருந்து வந்தேன். அஞ்சு மாசமா அங்க ஒரு தோட்டத்திலதான் ஈக்கிறேன். வேல போயிட்டு."

ஹலீம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கை ஓங்கியதைப் பலர் பார்த்தார்கள். ஆனால் அந்தக் கை இல்ஹாமின் பிடரியில் போய் விழுந்து, அங்கேயே பிடித்துக்கொண்டது.

"காலைல செல்லியிருந்தா ஒன்ட கையால வாப்பாவுக்குத் தண்ணி ஊத்தியிருப்பாய்" என்றார். "அத இனி ஒனக்கு யாராலயும் தர ஏலா. போ, முகத்தப் பாரு. தொழுகைக்கு நீதான் முன்னுக்கு நிக்கணும்."

இல்ஹாம் வாப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டான். கபன் துணியை முகத்தில் இருந்து விலக்கிக் காட்டினார்கள். அவன் அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். நேரமாகிறது என்று இரண்டு தடவை சொன்ன பிறகு எழுந்தான்.

பிறகு உம்மாவிடம் போனான். அறைக்குள் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். முற்றத்தில் நடந்தது ஏற்கெனவே பஸீஹாவின் காதுக்கு வந்திருந்தது. மகன் காலடியில் உட்கார்ந்ததும் அவள் அவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு, உம்மா."

அவள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். "அப்ப வாப்பா விழுந்த நாள் நீ இங்கதான்."

"ஓ உம்மா."

பஸீஹா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வெளியே ஹலீம் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்ஹாம் எழுந்து போனான். இரண்டு மணிக்குச் வாப்பாவைச் சுமந்த சந்தூக்கின் முன்கால் அவன் தோளில் இருந்தது. பின்னால் வந்தவர்களில் சுரேந்திரனும் இருந்தான். அடக்கம் செய்யும் மையவாடி வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெளியே கைகட்டி நின்றான்.

மூன்று நாள் இல்ஹாம் வீட்டில் இருந்தான். வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டான், ஓதி முடிந்த கத்தச் சாப்பாட்டுக்குச் சஹன் தட்டுகள் சுமந்தான். ஆட்கள் அவனிடம் கட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. தோட்டத்தைப் பற்றியும் கேட்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினார்கள். உம்மா அவன் வைத்த தட்டில் சாப்பிட்டாள், ஆனால் பேசவில்லை. ஸும்றாவும் அவனும் ஒரே வீட்டுக்குள் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

வியாழக்கிழமை காலை அவன் புறப்பட்டான். பவுசருக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள், இன்றைக்கும் போகாவிட்டால் அந்த வேலையும் இருக்காது. உம்மாவின் அறை வாசலில் நின்று, "போயிட்டு வாறேன் உம்மா" என்றான்.

உள்ளேயிருந்து, "நாளைக்கு ஜும்ஆ. பகல் சோத்துக்கு வா" என்றாள் பஸீஹா. "அடுத்த வெள்ளியும் வா."

ஸும்றாவுக்கும் அன்று வேலைக்குப் போகவேண்டும். இருவரும் சேர்ந்து கண்டி வீதிக்கு இறங்கினார்கள். பஸ் தரிப்பிடத்தில் ஒரு பக்கம் கொழும்புக்கு, ஒரு பக்கம் கேகாலைக்கு என்று கூட்டம். அவளுக்குக் கேட்கவேண்டியவை ஆயிரம் இருந்தன. ஒன்றுதான் வெளியே வந்தது.

"ஒரு நாளாவது வாப்பாவப் பாக்கணும் எண்டு தோணல்லையா?"

அவன் வீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கேகாலை ஆஸ்பத்திரில ஈக்கக்குள்ள வந்தேன். ரெண்டு தரம். மாஸ்க் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் வந்தேன். ரெண்டாவது நாள் வார்ட் வாசலுக்கே வந்துட்டேன். நீங்க வாப்பாவுக்குக் கரண்டியால பால் குடுத்துக்கொண்டு ஈந்தீங்க. அவரு துப்பிட்டாரு. நீங்க சிரிச்சிக்கொண்டு தொடச்சீங்க. உள்ள வந்தா நீங்க என்னப் பாப்பீங்க. திரும்பிட்டேன்."

ஸும்றாவுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அப்படிப் பல நாள் இருந்தது. பால் கொடுத்த நாளெல்லாம் வாப்பா துப்பினார், அவள் துடைத்தாள். அதில் எந்த நாள் அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இவன் நின்றான் என்று இனி எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்திருந்தால் போதும். அவளைத்தான் குற்றம் சொல்கிறானா, தன்னையா என்றும் விளங்கவில்லை. அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவன் சட்டைக் கொலரைச் சரிசெய்யவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

கேகாலை பஸ் வந்தது. இல்ஹாம் ஏறினான். யன்னல் வழியே தலையாட்டினான். அவளும் ஆட்டினாள்.

ட்ரவல்ஸைத் திறந்து, கணினியைப் போட்டு, மேசையைத் துடைத்து, உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, இந்நேரம் கலிகமுவப் பக்கம் போயிருக்கவேண்டும். எழுந்து வாசலுக்கு வந்து ஃபோனில் அவனை அழைத்தாள்.

"எங்க ஈக்கிறாய்?"

"பஸ்லதான் தாத்தா. கலிகமுவவுக்கு வந்துட்டுது. ஏன்?"

"சும்மா."

வைக்காமல் ஃபோனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் குரலுக்குப் பின்னால் இஞ்சின் உறுமியது. ஒரு குழந்தை அழுதது. கொண்டக்டர் மிதிபலகையில் நின்று, "கலிகமுவ, கலிகமுவ, பஹின அய என்ன" என்று, இறங்குகிறவர்களை வரச் சொல்லிக் கத்துவது தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் அவள் ஃபோனை வைத்தாள்.